ஓர் ஏமாற்றத்தின் வரலாறு: ‘ஹாலோவீன்’ மூன்றாம் படம்

ஒரு நூலுக்குரிய சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைக் கூறுதல் வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த நெறியாகும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவ்வெட்டு. மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவதோடு அமைந்துவிடுகின்றனர். நூற்பெயர் ஒன்றைக் கூற, நுதலிய பொருள் வேறொன்றாக அமைந்தால் என்ன விளையும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற சான்றொன்று, சற்றும் எதிர்பாராத இடமாகிய அமெரிக்கத் திரைப்பட வரலாற்றில் கிடைக்கிறது. 1982ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் வெளியான ‘ஹாலோவீன் 3: சீசன் ஆஃப் த விட்ச்’ என்னும் படமே அது. சூனியக்காரியின் பருவம் என்பது அத்துணைப் பெயரின் பொருள்.

முகமூடி அணிந்த ஒருவன் கத்தியேந்தி இளையோரை ஒவ்வொருவராகக் கொல்வதையே கதையாகக் கொண்ட படங்களை ‘ஸ்லாஷர்’ என்பர். தமிழில் கத்திக்கொலைப் படங்கள் எனலாம். கற்றோர் பலர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அதில் குறை காண்பதற்கும் இல்லை. ஆயினும், ஒரு தொடரைப் படைப்போனுக்கும் அதனைக் காண்போனுக்கும் இடையே எழுதப்படாத உடன்பாடொன்று எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு முறிகிறது என்பதை இப்படங்களின் வரலாறு ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. உயர்ந்த இலக்கியத்தில் பல திரைகளுக்குப் பின்னால் நிகழ்வது இங்கே வெட்டவெளியில் நிகழ்கிறது.

அமெரிக்காவில் அக்டோபர் 31ஆம் நாள் இரவை ஹாலோவீன் என்பர். அயர்லாந்து முதலிய நிலங்களில் வாழ்ந்த கெல்திய மக்களின் பழைய பருவ விழாவொன்றிலிருந்து கிளைத்தது இது. அன்றிரவு சிறுவர்கள் பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு முதலிய வேடங்கள் புனைந்து வீடுவீடாகச் சென்று இனிப்புப் பெறுவர். பரங்கிக்காயைக் குடைந்து முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வாயிலில் வைப்பர். அச்சமும் விளையாட்டும் கலந்த இவ்விரவை மையமாக வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண்களை ஒரு கொலைஞன் தேடி வருவதாகப் படமெடுக்கலாம் என்ற கருத்தை இர்வின் யாப்லன்ஸ் என்னும் படத் தொழிலர் கூறினார். ஜான் கார்ப்பெண்டர் என்ற இளம் இயக்குநரும் டெப்ரா ஹில் என்ற அம்மையாரும் கதை உரையாடலை எழுதினர். பணம் தந்தவர் முஸ்தபா அக்காட். சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்து, நபிகள் நாயகம் காலத்து வரலாற்றை ‘த மெசேஜ்’ என்ற பெயரில் 1976இல் படமாக்கிய அதே அக்காட்டே இவர். இறைவரலாறு எடுத்தவர் கொலைக்கதைக்கும் முதல் தந்தது விந்தையாகத் தோன்றலாம். முதலீடு என்பது அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

1978இல் வெளியான அம்முதற்படத்தின் செலவு 300,000 அமெரிக்க டாலருக்குச் சற்று மேல். அக்காலத்திலேயே அது சிறிய தொகை. கார்ப்பெண்டர் இயக்கம், எழுத்து, இசை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 10,000 டாலரும் இலாபத்தில் ஒரு பங்கும் பெற்றார். கதை நிகழ்வது இலையுதிர் காலத்து இல்லினாய் மாநிலம். படம் பிடித்ததோ வேனிற்காலக் கலிபோர்னியா. ஆகவே காகித இலைகளுக்கு வண்ணம் பூசித் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கிச் சேர்த்து, அடுத்த காட்சிக்கு மீண்டும் தூவினர். கொலைஞனின் முகமூடி கடையில் இரண்டு டாலருக்கும் குறைவான விலையில் வாங்கியது. அது ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் கப்பல் தலைவனாக நடித்த வில்லியம் ஷாட்னரின் முகச்சாயல் கொண்டது. கலை அமைப்பாளரான டாமி லீ வாலஸ் அதன் கண்துளைகளை அகலமாக்கி, புருவத்தை நீக்கி, வெள்ளை வண்ணம் பூசினார். உணர்ச்சி ஏதுமற்ற வெற்று முகமொன்று அதனால் பிறந்தது. அம்முகமே பின்னர் ஒரு பெருந்தொடரின் முதலாயிற்று.

அப்படத்தின் ஆற்றல் அது சொல்லாமல் விட்டவற்றில் இருக்கிறது. மைக்கேல் மையர்ஸ் என்னும் ஆறு வயதுச் சிறுவன் 1963இல் தன் தமக்கையைக் கொல்கிறான். பதினைந்து ஆண்டுகள் மனநல விடுதியில் வாய்திறவாமல் இருந்து, தப்பி, பிறந்த ஊருக்குத் திரும்புகிறான். ஏன் கொன்றான், ஏன் லாரி என்னும் மாணவியைத் தொடர்கிறான் என்பதற்குப் படத்தில் காரணமே இல்லை. பெயர்ப்பட்டியலில் அவனை ‘உருவம்’ என்றே குறித்தனர். குருதியும் மிகக் குறைவு. இறுதியில் லூமிஸ் என்ற மருத்துவர் அவனை ஆறு முறை சுடுகிறார், மாடத்திலிருந்து விழுகிறான், எட்டிப் பார்த்தால் தரையில் உடல் இல்லை. ஆளற்ற அறைகளும் தெருக்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்பட, மூச்சொலி மட்டும் கேட்கிறது. தொடரும் என்பதற்காக அமைத்த முடிவன்று அது. எங்கும் இருப்பான் என்பதற்காக அமைத்தது. ஆனால் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 47 மில்லியன் டாலர் ஈட்டிய ஒரு படத்தில் உடல் கிடைக்கவில்லை என்றால், அதற்கு வணிகர் கொள்ளும் பொருள் வேறு.

வெற்றியைக் கண்டோர் விரைந்தனர். 1980இல் வந்த ‘ஃபிரைடே த தர்டீன்த்’ என்னும் படம் விழா நாளுக்குப் பதில் ஒரு தீய நாளைப் பெயராக்கிக்கொண்டு பெரும்பொருள் ஈட்டியது. அதன் இரண்டாம் படம் 1981இலும் மூன்றாம் படம் 1982இலும் வந்துவிட்டன. ஆண்டுக்கொரு விளைச்சல் என்ற முறை அவ்வாறு வேரூன்றிற்று.

‘ஹாலோவீன்’ இரண்டாம் படம் 1981இல் வந்தது. எழுதியவர்கள் கார்ப்பெண்டரும் ஹில்லும். இயக்கியவர் ரிக் ரோசன்தால். முதற்படம் முடிந்த அதே இரவில், லாரி சேர்க்கப்பட்ட மருத்துவமனையில் கதை தொடர்கிறது. சொல்வதற்கு மேலும் ஏதும் இல்லை என்பது எழுதிய கார்ப்பெண்டருக்கே தெரிந்திருந்தது. அவ்வெழுத்துப்பணியைப் பற்றி அவர் பின்னாளில் கசப்புடனேயே பேசினார். கதைக்குப் பொருள் தேடிய அவர், லாரி மைக்கேலின் தங்கை என்றொரு செய்தியைப் புகுத்தினார். முதற்படம் தொலைக்காட்சிக்குச் சென்றபோது அதற்கெனப் புதிய காட்சிகள் எடுத்து, அவற்றிலும் இவ்வுறவுக்குக் குறிப்பு வைத்தனர். காரணமின்மையால் அஞ்சத்தக்கவனாக இருந்தவனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அவன் சற்றுச் சிறியவனாகிவிட்டான். இறுதியில் மருத்துவர் லூமிஸ் அறுவை அறையை வெடிக்கச் செய்ய, மைக்கேல் தீயில் விழுந்து எரிகிறான். படைத்தோர் கதவைச் சாத்தித் தாழிட எண்ணியே அவ்வாறு முடித்தனர். படம் அமெரிக்காவில் 25 மில்லியன் டாலர் அளவில் ஈட்டியது. தாழிட்ட கதவை அந்த எண் திறந்துவிட்டது.

மூன்றாம் படம் வேண்டும் என்று முதலீட்டாளர் கேட்டனர். மைக்கேலின் கதையைத் தொடராத படமாக இருந்தால் மட்டுமே ஈடுபடுவோம் என்று கார்ப்பெண்டரும் ஹில்லும் நிபந்தனை வைத்தனர். அவர்கள் திட்டம் எளிமையானது. ஆண்டுதோறும் ஒரு படம்; ஒவ்வொன்றிலும் புதிய கதை, புதிய மாந்தர்; எல்லாவற்றையும் இணைப்பது ஹாலோவீன் இரவு மட்டுமே. இத்திட்டத்தைக் குறைகூற இயலாது. வழிநூல் முதல்நூலோடு ஒத்துச் செல்வதுடன் தான் வேண்டிய வேறுபாட்டையும் கூறலாம் என்பது தமிழ் இலக்கண நூலோரும் ஒப்பிய கொள்கை. சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சியாகிய மணிமேகலை கோவலனையும் கண்ணகியையும் விட்டு மகளின் துறவைப் பாடவில்லையா? வேறுபட்டது சாத்தனாரின் பிழை என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் சாத்தனார் தம் நூலுக்கு ‘சிலப்பதிகாரம் இரண்டு’ என்று பெயரிடவில்லை. வேறுபாடு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஜோ டாண்டே என்னும் இயக்குநர் இப்பணிக்கு அமர்ந்தார். எழுதுவதற்கு இங்கிலாந்திலிருந்து நைஜல் நீல் அழைக்கப்பட்டார். 1950களில் பி.பி.சி. தொலைக்காட்சியில் ‘குவாட்டர்மாஸ்’ தொடர்களை எழுதிப் புகழ்பெற்ற மூத்த எழுத்தாளர் அவர். பழங்காலச் சூனியத்தைக் கணினிக் காலத்தோடு மோதவிட வேண்டும் என்பது ஹில் அம்மையாரின் விருப்பம். நீல் அதற்கேற்ப, குருதியை நம்பாமல் மனத்தை நடுங்கச் செய்யும் கதையொன்றை எழுதினார். டாண்டே வேறு படத்திற்குச் சென்றுவிட, இயக்கும் பொறுப்பு டாமி லீ வாலஸிடம் வந்தது. முதற்படத்தின் முகமூடிக்கு வெள்ளை பூசிய அதே கைக்கு இப்போது முழுப்படமும் கிடைத்தது. இரண்டாம் படத்தை இயக்க முன்னர் அழைத்தபோது அவர் மறுத்திருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. இதற்கிடையில் பெருமுதலாளியான டீனோ டி லாரன்டிஸ் கொடுங்காட்சிகள் மிகுதியாக வேண்டும் என்றார். கார்ப்பெண்டரும் வாலஸும் எழுத்தைத் திருத்தினர். திருத்தங்களைக் கண்ட நீல் தம் பெயரை நீக்குமாறு கேட்டுக்கொண்டார். ஆக்கியோன் பெயர் என்னும் இடத்தில் வாலஸின் பெயர் மட்டுமே நின்றது. பாயிரத்தின் முதல் உறுப்பிலேயே ஒரு பிளவு விழுந்தது எனலாம்.

கதை இது. கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனைக்கு, பரங்கிக்காய் முகமூடி ஒன்றை இறுகப் பற்றியபடி முதியவர் ஒருவர் கொண்டுவரப்படுகிறார். நன்றாக உடுத்திய ஒருவன் வந்து அவரைக் கொன்று, வெளியே சென்று தன்னையும் எரித்துக்கொள்கிறான். டான் சாலிஸ் என்னும் மருத்துவரும் இறந்தவரின் மகள் எல்லியும் காரணம் தேடிச் சாண்டா மீரா என்ற சிற்றூருக்குச் செல்கின்றனர். அங்கே ‘சில்வர் ஷாம்ராக்’ என்ற முகமூடித் தொழிற்சாலை இருக்கிறது. சூனியக்காரி, மண்டையோடு, பரங்கிக்காய் என மூன்றே வகை முகமூடிகள். நாட்டிலுள்ள சிறுவர் அனைவரும் அவற்றையே விரும்புகின்றனர். தொலைக்காட்சியில் அந்நிறுவனத்தின் விளம்பரம் இடைவிடாமல் ஒலிக்கிறது. இலண்டன் பாலம் பற்றிய பழைய மழலைப் பாட்டின் மெட்டில், ஹாலோவீனுக்கு இன்னும் இத்தனை நாள் என்று எண்ணிச் சொல்லும் பாட்டு அது. ஒருமுறை கேட்டவர் மறக்க விரும்பியும் மறக்க இயலாது.

தொழிற்சாலை உரிமையாளர் கானல் காக்ரன் என்ற அயர்லாந்துக்காரர். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து திருடிய பாறையொன்றின் துகளை ஒவ்வொரு முகமூடியிலும் நுண்சில்லில் பதித்திருக்கிறார். ஹாலோவீன் இரவு ஒன்பது மணிக்கு, முகமூடியோடு தொலைக்காட்சி முன் அமருங்கள், பெரும்பரிசு உண்டு என்று சிறுவர்களை விளம்பரம் அழைக்கிறது. அப்போது ஒளிரும் குறியீடு அணிந்தவர் உயிரைக் குடிக்கும். கெல்தியரின் பழைய பலிவிழாவைப் புதுக்கருவியால் மீட்பதே காக்ரனின் நோக்கம். நாட்டிலேயே அதிகம் விற்ற வணிகர் ஒருவர் மனைவி மகனோடு விருந்தினராக வருகிறார். தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டிய பின் அக்குடும்பத்தை ஓர் அறையில் அமர்த்தி, மகனுக்கு முகமூடி அணிவித்து, விளம்பரத்தை ஓடவிடுகின்றனர். சிறந்த விற்பனையாளருக்குக் கிடைக்கும் பரிசு அதுவே. கத்திக்கொலைப் படங்கள் இளையோரைக் கொல்லும். சிறுவனைக் கொல்லத் துணிவதில்லை. இங்கே துணிந்தனர். அக்காட்சி இன்றும் எளிதில் காணக்கூடியதன்று.

காக்ரனாக நடித்த டான் ஓஹெர்லிஹி, லூயி புனுவெல் இயக்கிய ‘ராபின்சன் குரூசோ’ படத்திற்காக ஆஸ்கார் பரிசுக்குப் பெயர் குறிக்கப்பட்டவர். குரலை ஒருபோதும் உயர்த்தாமல், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பாட்டனைப் போல் அவர் பேசும் பேச்சே படத்தின் மிகப்பெரிய அச்சம். ஒளிப்பதிவு முதற்படத்தைப் பிடித்த டீன் கண்டி. இசை கார்ப்பெண்டரும் ஆலன் ஹோவர்த்தும். கலிபோர்னியாவின் வடகோடியில் லோலேட்டா என்ற சிற்றூரில் படம் பிடித்தனர். இவ்வளவு நல்லவர்கள் கூடிச் செய்த வேலை கைவினையில் தாழ்ந்திருக்க இயலாது, தாழவுமில்லை.

ஆனால் அரங்கில் அமர்ந்தோர் காத்திருந்தது ஒருவனுக்காக. ‘ஹாலோவீன்’ என்ற பெயர் இருந்தது. மூன்று என்ற எண் இருந்தது. முதற்படத்தில் அவன் வீடு திரும்பிய இரவு என்று விளம்பரம் கூறியிருந்தது. இப்படத்திற்கோ எவரும் வீடு திரும்பாத இரவு என்று அதே தொடரைத் திருப்பி எழுதியிருந்தனர். வெள்ளை முகமூடி எப்போது தோன்றும் என்று பார்த்திருந்தோர்க்கு முகமூடித் தொழிற்சாலை ஒன்றே கிடைத்தது. அவர்கள் தேடிய முகமூடி மட்டும் அங்கே இல்லை. இரண்டாம் படத்தில் அம்முகமூடியை அணிந்து நடித்த டிக் வார்லாக், இதில் காக்ரனின் இயந்திர ஆட்களுள் ஒருவராக, வெறும் முகத்தோடு வந்து போகிறார். அடையாளம் கண்டோர் எத்தனை பேரோ! படம் அமெரிக்காவில் ஏறத்தாழ 14.4 மில்லியன் டாலர் ஈட்டியது. செலவு 2.5 மில்லியன் அளவே ஆதலால் நட்டம் என்று கூற முடியாது. எனினும் முந்திய படங்களோடு ஒப்பிட்டால் வீழ்ச்சிதான். திறனாய்வாளர் பலரும் கடிந்தனர். ஆண்டுக்கொரு புதுக்கதை என்ற திட்டம் முதலாண்டிலேயே மடிந்தது.

படத்தில் பிழையே இல்லை, பிழையெல்லாம் காண்போரிடம் என்று வாதிடுவது நடுநிலையாகாது. எல்லியின் பாத்திரம் தந்தையை இழந்த மகளாகத் தொடங்கி, விரைவிலேயே மருத்துவரின் காதலியாகச் சுருங்கிவிடுகிறது. அத்துணைப் பெரிய பாறையைக் கடல் கடந்து எவ்வாறு கொணர்ந்தனர் என்பதைக் காக்ரன் ஒரு சிரிப்போடு தாண்டிவிடுகிறார், படமும் தாண்டிவிடுகிறது. புவியியல் ஆசிரியர் ஒருவர் பார்த்தால் மற்றொன்றும் கேட்பார்: அமெரிக்காவின் கீழைக்கரையில் இரவு ஒன்பதாகும்போது கலிபோர்னியாவில் மாலை ஆறு மணிதானே? கிழக்கில் பேரழிவு நிகழ்ந்த செய்தி மேற்கை எட்ட மூன்று மணி நேரம் இருக்கிறது. இவ்வினாவுக்குப் படத்தில் விடை இல்லை. டி லாரன்டிஸ் விரும்பிப் புகுத்திய கொடுங்காட்சிகளும் நீல் எழுத விரும்பிய அமைதியான அச்சத்தோடு பொருந்தாமல் தனித்து நிற்கின்றன.

ஆயினும் ஏமாற்றத்திற்குக் காரணம் இவையல்ல. இவற்றை விடப் பெரிய ஓட்டைகளை அதே மக்கள் மற்றப் படங்களில் மன்னித்திருக்கின்றனர். தீயில் எரிந்தவன் மீண்டும் எழுந்து வந்தபோது எவரும் கணக்குக் கேட்கவில்லை. காரணம், படம் தன்னைக் காண வந்தோரைப் பற்றியே பேசியதும், அவர்கள் அதனை விரும்பாததும்தான் என்று தோன்றுகிறது.

ஒரு காட்சி இதற்குச் சான்று. மதுக்கடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் தொலைக்காட்சியில் ஓர் அறிவிப்பைக் காண்கிறார். விழா இரவில் சிறப்புத் திரைப்படம் ஒளிபரப்பாகும். வழங்குவோர் சில்வர் ஷாம்ராக் நிறுவனத்தார். அப்படம் வேறொன்றுமில்லை, 1978இன் ‘ஹாலோவீன்’. பின்னர் அவர் கட்டுண்டு கிடக்கும் அறையிலும் அதே படம் ஓடுகிறது. ஆக, இக்கதைக்குள் முதற்படம் ஒரு தூண்டில். சிறுவர்களைக் குறித்த நேரத்தில், முகமூடியோடு, திரைமுன் அமரச் செய்யும் இரை. விளம்பரத்தில் கேட்கும் அறிவிப்பாளரின் குரலுக்கு உரியவர் வாலஸ். இந்த முகமூடியை விரும்பி வாங்கினீர்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே திரைமுன் அதே இரவில் வந்து அமர்வீர்கள். உங்களை அமர வைப்பவர் யார் என்று எண்ணினீர்களா என்று படம் கேட்கிறது. கேட்கும் இடமோ அதே முகமூடியைக் காணச் சீட்டு வாங்கி வந்தோர் நிறைந்த அரங்கு. வாலஸ் இதனை எவ்வளவு எண்ணிச் செய்தார் என்பது வேறு வினா. செய்தது நிற்கிறது.

முடிவும் அத்தகையதே. மருத்துவர் தப்பி வந்து தொலைபேசியில் ஒளிபரப்பை நிறுத்துமாறு மன்றாடுகிறார். ஓர் அலைவரிசை நிற்கிறது, மற்றொன்றும் நிற்கிறது, மூன்றாவது நிற்கவில்லை. நிறுத்து நிறுத்து என்று அவர் அலறும் குரலோடு திரை இருள்கிறது. கார்ப்பெண்டரும் ஹில்லும் மைக்கேலை நிறுத்த முயன்றதும் இரண்டு படங்களின் பின்னர் மூன்றாவதில்தான். அதுவும் நிற்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து சொல்லத்தக்கன. நான்காம் படத்திற்கெனக் கார்ப்பெண்டர் தரப்பில் டென்னிஸ் எட்சிசன் என்ற எழுத்தாளர் புதுமையான கதையொன்றை எழுதினார். அக்காட் அதனை ஏற்கவில்லை. கார்ப்பெண்டரும் ஹில்லும் தம் உரிமையை விற்று விலகினர். 1988இல் வந்த படத்தின் பெயரே ‘மைக்கேல் மையர்ஸ் திரும்பினான்’ என்னும் பொருள்பட அமைந்தது. நூற்பெயரும் நுதலிய பொருளும் இம்முறை மயிரிழையும் பிரியக் கூடாது என்று முடிவு செய்துவிட்டனர் போலும்! எழுத்தாளர் வேலைநிறுத்தம் நெருங்கியதால் ஆலன் மக்கெல்ராய் பதினொரு நாளில் கதை உரையாடலை எழுதி முடித்தார். படம் 17 மில்லியனுக்கு மேல் ஈட்டியது. அதன் இறுதியில் மைக்கேலின் தங்கை மகளான, லாரியின் சிறுமகள் ஜேமி, கையில் கத்தரிக்கோலோடு நிற்கிறாள். தீமை குருதி வழி கடந்துவிட்டது என்று பொருள். நல்ல தொடக்கம். ஆனால் 1989இல் வந்த ஐந்தாம் படம் அதற்கு அஞ்சிப் பின்வாங்கி, சிறுமியை மீண்டும் துரத்தப்படுபவளாக்கி, பழைய துரத்தலையே தொடங்கியது. கருப்பு உடையில் ஒருவன் வந்து போகிறான்; அவன் யார் என்பது அடுத்த படத்திற்கு விடப்பட்டது. அப்படம் ஏறத்தாழ 11.6 மில்லியன் ஈட்டியது. மைக்கேல் இல்லாத மூன்றாம் படத்தை விட மைக்கேல் நிறைந்த ஐந்தாம் படம் குறைவாக ஈட்டிற்று என்பதை இத்தொடரின் வரலாற்றாசிரியர் பலர் அழுத்திச் சொல்வதில்லை.

இதே பாடத்தை ‘ஃபிரைடே த தர்டீன்த்’ தொடரும் பயின்றது. அதன் ஐந்தாம் படத்தில், 1985இல், கொலைஞன் ஜேசன் அல்லன், அவனைப் போல் வேடமிட்ட வேறொருவன் என்று இறுதியில் தெரியவர, மக்கள் சினந்தனர். மறு ஆண்டே, ஜேசன் உயிரோடிருக்கிறான் என்று பெயரிலேயே அறிவித்து ஆறாம் படத்தை வெளியிட்டனர். கல்லறையைத் தோண்டி இடியால் எழுப்பிய பிணம் அது. புதுமையை விட அதுவே ஏற்கத்தக்கதாயிற்று.

1995இன் ஆறாம் ‘ஹாலோவீன்’ படம் மைக்கேலின் கொலைவெறிக்குக் கெல்தியர் காலத்துச் சாபமொன்றைக் காரணமாக்கியது. மூன்றாம் படத்தில் மக்கள் தள்ளிய கெல்தியச் சூனியத்தையே எடுத்து மைக்கேலுக்குப் போர்த்தினர். அப்போதும் பயன் விளையவில்லை. மருத்துவர் லூமிஸாகத் தொடக்கமுதல் நடித்த டொனால்ட் பிளெசன்ஸ் அவ்வாண்டு பிப்ரவரியில் மறைந்தார். 1998இல் வந்த படம் நான்கு முதல் ஆறு வரை நிகழ்ந்தவற்றைத் துடைத்துவிட்டுத் தொடங்கியது. முதல் எட்டுப் படங்களுக்கும் பொறுப்பேற்றிருந்த அக்காட், 2005 நவம்பரில் ஜோர்டான் தலைநகர் அம்மானில் விடுதியொன்றில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் மகளோடு உயிரிழந்தார். அதே ஆண்டு மார்ச்சில் டெப்ரா ஹில் மறைந்திருந்தார். 2018இல் டேவிட் கார்டன் கிரீன் இயக்கிய படம் இன்னும் ஒருபடி சென்று, 1978க்குப் பின் வந்த எல்லாவற்றையும் நீக்கியது. அண்ணன் தங்கை உறவும் வெறும் ஊர்ப்பேச்சு என்று தள்ளப்பட்டது. நாற்பது ஆண்டுகளாகக் கட்டிய காரணங்களை இடித்து, காரணமற்ற அந்த ‘உருவ’த்திற்கே திரும்பினர். உலகெங்கும் 250 மில்லியன் டாலருக்கு மேல் குவிந்தது.

அப்படத்திலும் 2021இல் வந்த அதன் தொடர்ச்சியிலும் சூனியக்காரி, மண்டையோடு, பரங்கிக்காய் முகமூடிகள் மூன்றும் தலைகாட்டுகின்றன. மூன்றாம் படத்தை இளமையில் கண்டு வெறுத்தோரும், பின்னர்த் தனியே அமர்ந்து கண்டு விரும்பியோரும் இதற்குள் நடுவயதினராகிவிட்டிருந்தனர். 2022 அக்டோபரில் வெளியான கிரீனின் மூன்றாவதும் இறுதியுமான படத்தில் மைக்கேல் நெடுநேரம் தோன்றவில்லை. ஊரார் பழித்து ஒதுக்கிய கோரி என்னும் இளைஞனின் கதையே பெரும்பகுதி. வருவாய் முந்திய இரண்டையும் விடக் குறைந்தது, சினந்தோர் பலர். அப்படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் நீலநிறத்தில், 1982இன் படத்தில் இருந்த அதே எழுத்துவடிவில் தோன்றுகின்றன. அதனைக் கண்டு குறிப்பறிந்தோர் சிலர். மற்றையோர் முகமூடி எப்போது வரும் என்று காத்திருந்தனர்.